‘சும்மா’ என்று எழுதிய பாட்டில்

குடியிருப்பில் அவளுக்குப் பெயர் ‘தண்ணி டாக்டர்’. வைத்தவர் இரண்டாம் மாடிக்காரர். குடிவந்த புதிதில் லிஃப்ட்டில், “நீங்க என்ன டாக்டர்?” என்று கேட்டார். “மரபணு ஆராய்ச்சி. கடல் தண்ணியில” என்றாள். இரண்டு மாடி ஏறுவதற்குள் அதற்கு மேல் விளக்க முடியாது. “அட, நானும் சனிக்கிழமையானா தண்ணியிலதான் ஆராய்ச்சி!” என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். பெயர் ஒட்டிக்கொண்டது. பதினொரு வருடம் ஆகிறது. இப்போதும் அவர் லிஃப்ட்டுக்கு நிற்பதைப் பார்த்தால் அவள் படியேறிவிடுகிறாள். அவள் வீடு ஐந்தாம் மாடி.

வீட்டுக்குள்ளும் மரியாதை பொங்கி வழிந்துவிடவில்லை. கணவனின் அக்கா கூடவே இருக்கிறாள். தபால் அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள். பேச்சிலும் அந்தக் குத்து உண்டு. “கடல்ல என்னென்ன மீன் இருக்குன்னு தண்ணியப் பாத்தே சொல்லிடுவாளாம். கூடையில இருக்கற மீன் இன்னிக்குப் புடிச்சதா, போன வாரம் புடிச்சதான்னு கேட்டா முழிக்கிறா” என்பாள், வருகிறவர் போகிறவரிடமெல்லாம். பொய்யில்லை. முழு மீனைப் பற்றி அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒன்றுவிட்ட சித்தப்பா தன் ரத்தப் பரிசோதனைத் தாளைப் படம்பிடித்து அனுப்பி, “டாக்டர்தானே, சர்க்கரை கூடியிருக்கா சொல்லு” என்று கேட்டபோதும் அவளுக்குத் தெரியவில்லை. “அப்புறம் என்னத்துக்கு அத்தனை வருஷம் படிச்சே?” என்றார் அவர்.

அவள் செய்வது இதுதான். மீன் போகிற இடமெல்லாம் தன்னை உதிர்த்துக்கொண்டே போகும். செதில், உடம்பில் சுரக்கும் வழவழப்பு, கழிவு என்று ஏதோ ஒன்று. அந்தத் துணுக்குகள் ஓரிரு நாள் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். ஒரு பாட்டில் கடல் தண்ணீரை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்ட வடிதாளில் வடித்து, தாளில் தங்கியதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, இயந்திரத்துக்குள் வைத்தால், தேடுகிற மீனின் துணுக்கு ஒன்றே ஒன்று இருந்தாலும் இயந்திரம் அதை ஜெராக்ஸ் எடுத்து எடுத்துக் கோடி கோடியாகப் பெருக்கிவிடும். திரையில் ஒரு கோடு எழும்பும். இல்லையென்றால் கோடு தரையோடு படுத்தே கிடக்கும். மீனைப் பார்க்காமலே, அது வந்துபோனதைச் சொல்லிவிடலாம்.

மூன்று வருடமாக அவள் தேடுவது வேளா மீனை. சுறாவைப் போல உடம்பு, மூக்குக்குப் பதிலாக இருபுறமும் பல் வைத்த ரம்பம். அந்த வளைகுடாவில் கடைசியாக ஒரு வேளா வலையில் சிக்கி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அற்றுப்போய்விட்டது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். வடக்குத் திட்டில் தண்ணீர் ஆழமில்லாமல், சேறும் கோரையுமாகக் கிடக்கிறது. வேளா குட்டி போட வருகிற இடம் அப்படித்தான் இருக்கும் என்பது அவள் எண்ணம். எண்ணத்தை யார் கேட்பார்கள்? துறைமுகக்காரர்கள் கப்பல்பாதையை ஆழப்படுத்த அந்தத் திட்டின் வழியாகத்தான் கோடு போட்டிருந்தார்கள். வேளா இருக்கிறது என்று அவளால் காட்ட முடிந்தால் கோடு தள்ளிப்போகும். இல்லையென்றால் தூர்வாரும் இயந்திரம் வந்து திட்டை அள்ளிவிடும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம்.

திங்கள்கிழமை காலை பத்தேகாலுக்குத் திரையில் கோடுகள் எழும்பின. ஒன்பது பாட்டிலில் நான்கில் வேளா.

மூன்று வருடத்தில் முதல் தடவை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஓர் ஆளைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று நினைத்த அந்த நேரத்தில், பத்தாவது பாட்டிலின் கோடும் மெல்ல மெல்ல எழும்பியது.

“சனியனே, நீ ஏன் எந்திரிக்கிற?” என்றாள், வாய்விட்டு.

பத்தாவது பாட்டிலில் மீனே இருக்கக் கூடாது. அது ஆய்வகத்திலேயே சுத்திகரித்த தண்ணீரை நிரப்பிப் படகில் கொண்டுபோய், நடுக்கடலில் ஒரு நிமிடம் திறந்து மூடி, திரும்பக் கொண்டுவருகிற பாட்டில். மற்ற ஒன்பதும் படுகிற பாட்டையெல்லாம் அதுவும் படும். ஆனால் அதற்குள் கடல் தண்ணீர் ஒரு சொட்டும் போகாது. அதில் மீன் தெரிந்தால், அந்த மீன் கடலிலிருந்து வரவில்லை. படகிலிருந்தோ கையிலிருந்தோ மேசையிலிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் மற்ற நான்கையும் நம்ப முடியாது. புத்தகத்தில் இதற்கு ‘எதிர்மறைக் கட்டுப்பாட்டு மாதிரி’ என்று பெயர். பாட்டில் மூடியில் அவ்வளவையும் எழுத இடம் ஏது? வேலைக்குச் சேர்ந்த வருடம் அவள்தான் பேனாவால் ‘சும்மா’ என்று எழுதினாள். சும்மா போய்ச் சும்மா வருகிற பாட்டில். அன்று ஆய்வகமே சிரித்தது. அதற்குப் பிறகு எல்லோருக்கும் அது ‘சும்மா’தான்.

இயக்குநரின் அறைக்குப் போய், “சார், நாலு பாட்டில்ல வேளா வந்திருக்கு. ஆனா சும்மாவுலயும் வந்திருக்கு” என்றாள்.

அவர் முதல் வாக்கியத்தோடு எழுந்து நின்றுவிட்டார். “நாலா! இருபத்திரண்டு வருஷம் கழிச்சு!”

“சும்மாவுலயும் வந்திருக்கு சார்.”

“சும்மாவுலதானே? சும்மா விடுங்க மேடம்.” தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். “வெள்ளிக்கிழமைக்குள்ள அதைச் சரிபண்ணிடுங்க.”

சரிபண்ணுவது என்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

திங்கள் மதியமும் செவ்வாய் முழுக்கவும் ஆய்வகம் கல்யாண வீட்டுச் சமையற்கட்டு மாதிரி கழுவப்பட்டது. மேசை, குழாய், கதவுப் பிடி, மின்விளக்கு சுவிட்சு வரைக்கும் பிளீச்சிங் தண்ணீர். கூடவே நின்று கழுவியவர் ஆய்வக உதவியாளர். அவருக்குச் ‘சிக்கனம்’ என்று பெயர். கையுறையை எண்ணிக் கொடுப்பார். ஒன்று கிழிந்தால் கிழிந்ததைக் காட்டினால்தான் அடுத்தது. கடல் ஆராய்ச்சி நிலையத்தில் இருபது வருட வேலை, ஆனால் படகில் கால் வைத்தால் வாந்தி. கரையைத் தாண்டிய காரியம் எதற்கும் அவரை நம்ப முடியாது.

“நீங்க பழைய கையுறையைக் கழுவி மறுபடி மாட்டினீங்களா? உண்மையைச் சொல்லுங்க.”

“மேடம், சாப்பாட்டு மேல சத்தியமா இல்ல. போன வருஷத்தோட நிறுத்திட்டேன்.”

“போன வருஷம் வரைக்கும் பண்ணீங்களா?”

சிக்கனம் சுவரைத் துடைக்கப் போய்விட்டார்.

கழுவி முடித்து, மிச்சமிருந்த டிஎன்ஏவை எடுத்து மறுபடி ஓட்டினாள். இயந்திரத்தில் தனியாக வெறும் தண்ணீர் வைத்த குழாய்கள் ஆறிலும் கோடு படுத்தே கிடந்தது. ஆக, ஆய்வகம் சுத்தம். ‘சும்மா’ மட்டும் மறுபடியும் எழுந்தது, முன்னைவிடத் தெம்பாக.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால், நாத்தனார் கறுப்புக் கண்ணாடியோடு கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாரத்துக்கு முன் கண்புரை அறுவை நடந்தது. ஒரு நாளைக்கு நாலு வேளை சொட்டு மருந்து.

“மணி ஆறே முக்கால். ஆறு மணிச் சொட்டு எங்க?” என்றாள் நாத்தனார்.

“உங்க தம்பி போடலையா அண்ணி?”

“அவன் போட்டா மூக்குல விழுது.”

கணவன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, “கண்ணு சிமிட்டறா, நான் என்ன பண்றது?” என்றான். அவனுக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. விபத்து நடந்ததா நடக்கவில்லையா என்று விசாரிப்பான். கையைக் கழுவிவிட்டு வந்து சொட்டு விட்டாள். கழுவின கையை மறுபடி கழுவினாள். பிளீச்சிங் வாடை போகவில்லை.

“என்ன, முகம் தொங்கிக் கிடக்கு?” என்றான் அவன்.

சொன்னாள். அவன் காகிதத்தை மடித்துவிட்டு நிதானமாகக் கேட்டான். கேட்பான், அந்தக் குணம் உண்டு. கடைசியில், “ஒரு பாட்டில்தானே. அதை மட்டும் எடுத்துட்டா?” என்றான்.

“நீங்களுமா! ஒரு கேஸ்ல சாட்சி உங்களுக்கு எதிரா பேசினா அவனைப் பட்டியல்லருந்து எடுத்துடுவீங்களா?”

“நாங்க எடுத்துடுவோம்” என்றான் அவன், யோசித்து.

நாத்தனார் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பாட்டில்கள் கடலுக்குப் போன நாள், நாத்தனாருக்கு அறுவை நடந்த நாள். வழக்கமாக அவள்தான் படகில் போவாள். அன்று காலை கணவனுக்குத் தவிர்க்க முடியாத விசாரணை என்று ஒன்று வந்தது. அவள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இருந்தாள். சிக்கனம் படகேற மாட்டார். அலையும் தண்ணீரின் ஏற்றமும் சரியாக இருந்த நாள், தவறவிட்டால் இன்னும் பதினைந்து நாள். படகோட்டியே தனியாகப் போய்த் தண்ணீர் பிடித்துவந்தார். மறுநாள் சிக்கனம் வடித்தார். அவள் இரண்டு நாள் விடுப்பு.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாத்தனார், “என் கண்ணாலதான் உன் மீன் கெட்டுச்சா?” என்பாள்.

புதன்கிழமை காலை வடிகட்டல் குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். சிக்கனத்துக்கு ஒரு நல்ல பழக்கம், எதையும் எழுதிவைப்பார். ஒன்றாவது பாட்டில், முப்பத்தெட்டு நிமிடம். இரண்டாவது, நாற்பத்தொன்று. திட்டுத் தண்ணீர் கலங்கல், வடிதாளை அடைத்துக்கொள்ளும். அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும். பத்தாவது, ‘சும்மா’, நாற்பத்திரண்டு நிமிடம்.

சுத்தத் தண்ணீர் ஐந்து நிமிடத்தில் வடிந்துவிடும்.

“இதென்ன?” என்று விரலை வைத்துக் காட்டினாள்.

சிக்கனம் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். “ஆமா மேடம். எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. இன்னிக்கு சும்மா இவ்வளவு நேரம் எடுக்குதேன்னு.”

“ஏன் சொல்லல?”

“நீங்க லீவுல இருந்தீங்க.”

“வந்தப்புறம்?”

“வந்தப்புறம் நீங்க கேக்கல.”

ஒரு மனிதரை எவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டிருக்க முடியும்? அவள் குளிர் அறைக்குள் போனாள். ஒவ்வொரு பாட்டிலிலும் பாதியைத்தான் வடிப்பார்கள். மீதி குளிரில் இருக்கும். பத்தாவதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் பழுப்பாக ஒரு மெல்லிய படிவு. உப்பளவைப் பார்க்கிற கருவி பக்கத்து அறையில் இருக்கிறது; அந்த அறைச் சாவி பக்கத்து அறைக்காரரிடம் இருக்கிறது; அவர் மாநாட்டில் இருக்கிறார். ஆய்வகத்தில் ஒன்றையும் வாயில் வைக்கக் கூடாது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் பதினொரு வருடமாகப் பாடம் எடுத்தவள், கண்ணாடிக் குச்சியைத் தோய்த்து நாக்கில் வைத்தாள்.

கரித்தது. நல்ல கடல் உப்பு.

“மேடம்!” என்றார் வாசலில் நின்ற சிக்கனம். எழுதிவைத்தாலும் வைப்பார்.

படகோட்டியைப் படகுத்துறையில் பிடித்தாள். அவரைக் ‘கேப்டன்’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். ஐம்பதைத் தாண்டிய ஆள்; படகு துடைத்துவைத்த மாதிரி இருக்கும். எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தார்.

“வாங்க டாக்டரம்மா! எப்படி, தண்ணி நல்லா வந்துச்சா?”

“கேப்டன், பத்து பாட்டில் குடுத்தேனே. அதுல ஒண்ணுல ஏற்கெனவே தண்ணி இருந்துச்சே, அதை என்ன பண்ணீங்க?”

“ஓ, அதுவா.” எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். “யாரோ கவனமில்லாம குழாத் தண்ணியப் புடிச்சு வச்சுட்டாங்க. நான் பாத்துட்டேன். கொட்டிட்டு, நல்லா மூணு தடவை அலசிட்டு, திட்டுத் தண்ணியே புடிச்சேன். பத்தும் பத்தா குடுத்துட்டேன்.”

அவள் படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

“மேல ‘சும்மா’ன்னு எழுதியிருந்துச்சே.”

“அதனாலதான் கொட்டினேன்.”

“நான் போன்ல சொன்னேனே!”

“சொன்னீங்க. ‘சும்மாவை சும்மா திறந்து சும்மா மூடுங்க’ன்னீங்க. ஆஸ்பத்திரிச் சத்தத்துல எனக்கு மூணு சும்மாதான் கேட்டுச்சு. சரி, படபடப்புல இருக்காங்க, சும்மா ஏதோ பேசறாங்கன்னு நெனச்சேன். திறந்து பாத்தா தண்ணி. டாக்டரம்மா இல்லாத நாள்ல ஒரு குறை வரக் கூடாதுன்னுதான்…” அவளுடைய முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “தப்பாயிடுச்சா?”

கோபப்படுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்று மூன்று நாளாகத் தேடியவள்; கடைசியில் கையில் கிடைத்தது தன் கையெழுத்துத்தான். பதினொரு வருடத்துக்கு முந்தைய தன் நகைச்சுவை. புதிதாக வருகிற எவருக்கும் புரியாது என்று ஒரு நாளாவது தோன்றியிருக்கிறதா? எல்லோரும் சிரித்தார்கள், அவ்வளவுதான் தோன்றியது.

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பத்தாவதிலும் கடல் தண்ணீர் என்றால், அதில் வந்த வேளாவும் கடலின் வேளாதான். ஒட்டிக்கொண்டு வந்தது இல்லை. மீன் உண்மையிலேயே அங்கே இருக்கிறது. விளிம்பிலிருந்து எழுந்தாள்.

“பாட்டில் பெட்டியை எங்க வச்சிருந்தீங்க கேப்டன்? பின்னாடிதானே, நான் வைக்கற இடத்துல?”

“பின்னாடி வெயில் அடிச்சுது. தண்ணி சூடாயிடும்னு உள்ள, நிழல்ல வச்சேன்.” படகோட்டும் அறையின் உள்ளே கையைக் காட்டினார்.

ஓட்டுகிற இடத்துக்கு மேலே, ஆணியில், வார்னிஷ் அடித்து மாட்டியிருந்தது ஒரு வேளாவின் ரம்பம். அவருடைய அப்பா காலத்தில் பிடித்தது. கை நீளத்துக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு பயணத்திலும் அவள் அதைப் பார்த்திருக்கிறாள். அதனால்தான் பெட்டியை எப்போதும் படகின் பின்முனைக்குக் கொண்டுபோவாள். அந்த ரம்பத்துக்கு நேர் கீழே, அசைகிற படகில், ஐந்து மணி நேரம், பத்து பாட்டிலும் இருந்திருக்கின்றன. அதிலிருந்து ஒரு தூசி விழுந்திருந்தால் போதும். விழுந்ததா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒரே பாட்டிலைத்தான் கேப்டன் அக்கறையாக மூன்று தடவை அலசியிருக்கிறார்.

வேளா கடலிலும் இருக்கலாம். ஆணியிலும் இருக்கலாம்.

இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

“அப்போ அதுவும் கடல் தண்ணிதான்.”

“ஆமா சார்.”

“அப்போ ஒன்பதுல நாலு இல்ல மேடம். பத்துல அஞ்சு! இன்னும் நல்லதாச்சே!”

அவளுக்குத் தலையை மேசையில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மேசை அவருடையது என்பதால் விட்டாள். “சார், அந்த ரம்பம்…”

“வார்னிஷ் அடிச்ச ரம்பம். இருபத்தஞ்சு வருஷம் பழசு. அதுலருந்து என்ன உதிரும்?”

“எனக்குத் தெரியாது. தெரியாதுங்கறதுதான் பிரச்சினை. எதிர்த்தரப்புல ஒருத்தன் அந்தப் படகுல ஏறி, தலைக்கு மேல பாத்தான்னா, அறிக்கை மட்டும் இல்ல, அதுக்கப்புறம் நாம வேளான்னு என்ன சொன்னாலும் சிரிப்பான்.”

“உப்பு இருந்துச்சுன்னு நீங்களே சோதிச்சிருக்கீங்க.”

“நாக்கால சோதிச்சேன்னு எழுதட்டுமா?”

அவர் தணிந்த குரலில், “மேடம், திட்டைக் காப்பாத்தணும்னு மூணு வருஷமா என் உயிரை எடுத்தது நீங்க. இப்போ கையில ஆதாரம் இருக்கு. அது உண்மைன்னு உங்களுக்கே தெரியும். வெள்ளிக்கிழமை நீங்க தெரியாதுன்னா அவங்க அள்ளிடுவாங்க. யாருக்கு லாபம்?” என்றார்.

அதுதான் எரிச்சலிலெல்லாம் பெரிய எரிச்சல். மனுஷன் தப்பாகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ஆறு மணிச் சொட்டு விட்டாள். வியாழக்கிழமையும் விட்டாள். இரண்டு நாளும் படுக்கையில் புரண்டாளா, அழுதாளா என்றெல்லாம் இல்லை. அறிக்கையில் ஒரே ஒரு பத்தியைப் பதினாலு தடவை எழுதினாள். பதினான்காவது தடவை அதில் ஐந்து வாக்கியம் மிஞ்சியது. நான்கு பாட்டிலில் வேளாவின் தடயம் தெரிந்தது. பயணத்தில் பயன்படுத்திய சோதனைப் பாட்டில் தவறுதலாகக் கடல் நீரால் நிரப்பப்பட்டது. படகில் வேளாவின் பழைய உடற்பாகம் ஒன்றும் இருந்தது. தடயம் கடலிலிருந்து வந்ததா என்பதை இந்த மாதிரிகளைக் கொண்டு சொல்ல இயலாது. மீண்டும் மாதிரி எடுக்க வேண்டும். தவறு யாருடையது என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டாள்.

கூட்டத்தில் நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். துறைமுகத் தலைமைப் பொறியாளர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, “சுருக்கமா சொல்லுங்க மேடம். மீன் இருக்கா, இல்லையா?” என்றார்.

“தெரியாது சார்.”

“மூணு வருஷமா தேடறீங்க.”

“ஆமா சார்.”

“சோதனைப் பாட்டில்ல தப்பா கடல் தண்ணியப் புடிச்சுட்டோம்னு எழுதியிருக்கீங்க.” மேசையைச் சுற்றிச் சிரிப்பு. “இதை எழுதாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்லையே.”

“அதுக்காகத்தான் எழுதினேன்.”

பொறியாளர் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். இயக்குநர் கூரையைப் பார்த்தார். அள்ளுகிற இயந்திரம் வேறொரு துறைமுகத்தில் மாட்டிக்கொண்டு எப்படியும் ஒரு மாதம் கழித்துத்தான் வருமாம். அதனால் மூன்று வாரம் தருகிறோம், அதற்குள் எடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவளுடைய நேர்மைக்காக யாரும் தரவில்லை. இயந்திரத்தின் தாமதம் தந்தது.

முதல் வாரம் காற்று. இரண்டாம் வாரம் காற்றோடு மழை. மூன்றாம் வாரம் கேப்டன் ரம்பத்தைக் கழற்றிச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். “வீட்டுக்காரி உள்ள விட மாட்டேங்கறா டாக்டரம்மா. மாடிப்படிக்குக் கீழ கிடக்கு” என்று குறைப்பட்டார். படகை முகப்பிலிருந்து வால்வரை இரண்டு நாள் பிளீச்சிங் போட்டுத் தேய்த்தார்கள். சோதனைப் பாட்டில் இந்த முறை மூன்று. மூடியில் இடம் போதாமல் பாட்டிலின் உடம்பைச் சுற்றியே எழுதினாள்: ‘இதைக் கொட்டாதே. இதில் கடல் தண்ணீர் பிடிக்காதே.’ கேப்டன் ஒவ்வொன்றையும் உரக்கப் படித்துவிட்டு, “இதை அன்னிக்கே எழுதியிருக்கலாமே” என்றார். அவள் பேனாவை மூடிப் பையில் போட்டாள்.

படகேறுகிற காலை கணவன் தொலைபேசியில், “அக்காவுக்கு இன்னிக்குக் கண் டாக்டர்கிட்ட போகணுமே, மறந்துட்டியா?” என்றான்.

“மறக்கல. நீங்க கூட்டிட்டுப் போறீங்க.”

“எனக்கு ஒரு விசாரணை…”

“என்னங்க, நான் கடல்ல இருக்கேன்” என்று வைத்துவிட்டாள். படகு அப்போது துறையில்தான் கட்டியிருந்தது.

பதினெட்டு பாட்டில். அவளே பிடித்தாள், இடுப்புவரை நனைந்து. கையுறை ஆறு ஜோடி. சிக்கனம் ஒரு வார்த்தை பேசாமல் எண்ணிக் கொடுத்திருந்தார். வடித்து, பிரித்து, இயந்திரத்தில் வைத்த அன்று அவர் பின்னாலேயே நின்றார்.

சோதனைப் பாட்டில் மூன்றும் தரையோடு படுத்துக் கிடந்தன. பதினெட்டில் இரண்டு எழுந்தன.

“ரெண்டுதானா?” என்றார் சிக்கனம்.

“மறுபடி ஓட்டுங்க” என்றாள். மறுபடி ஓட்டினார்கள். அதே இரண்டு. மூன்றாம் முறையும் அதே இரண்டு. நான்காவது முறைக்குச் சோதனை மருந்து மிச்சமில்லை.

அறிக்கை போன பத்தாம் நாள் இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். குரலில் சந்தோஷம். “மேடம், ஏத்துக்கிட்டாங்க! கோடு தள்ளிப்போகுது.”

“எவ்வளவு சார்?”

“நானூறு மீட்டர்.”

“ரெண்டு கிலோமீட்டர் கேட்டிருந்தேன்.”

“ரெண்டு பாட்டிலுக்கு ரெண்டு கிலோமீட்டரா? முன்னாடி நாலு பாட்டில் இருந்தப்போ கேட்டிருந்தா தந்திருப்பாங்க.” அவளைப் பார்த்தார். “உங்களுக்குத் திருப்தியே கிடையாதா?”

“இல்ல சார். அந்த நானூறை எழுத்துல வாங்கிக் குடுங்க.”

தன் அறைக்கு வந்து வளைகுடாவின் வரைபடத்தை மேசையில் விரித்தாள். நானூறு மீட்டரை அளவுகோலால் வைத்துப் பார்த்தாள். சுண்டுவிரல் நகத்தில் பாதி. பழைய கோடு திட்டின் நடுவே போனது; புதிய கோடு திட்டின் மேற்கு ஓரத்தை உரசிக்கொண்டு போகிறது. தடயம் கிடைத்த இரண்டு இடமும் கோட்டுக்குக் கிழக்கே இருந்தன. ஒன்று நன்றாகத் தள்ளி, இன்னொன்று, பென்சில் முனையின் அகலத்துக்குத்தான்.

கணினியைத் திறந்து, ‘பெறுநர்: தலைமைப் பொறியாளர்’ என்று தட்டினாள். பொருள் என்ற இடத்தில், ‘மீதி ஆயிரத்து அறுநூறு மீட்டர் தொடர்பாக’.